வளைபாதமும் மாறுகண்ணும்: எதற்குக் கட்டு, எதற்குக் கத்தி?

பாதம் உள்பக்கமாக வளைந்து பிறந்த குழந்தை ஒன்று. பிறந்த ஆறு மாதத்துக்குள் கண் மூக்கை நோக்கித் திரும்பிவிட்ட குழந்தை இன்னொன்று. இரண்டு வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷன் இல்லாம சரியாகுமா டாக்டர்?" பாதத்துக்கு, பெரும்பாலும் ஆகும். கண்ணுக்கு, பெரும்பாலும் ஆகாது. ஒன்றுக்குச் சொன்ன யோசனையை மற்றதற்குப் பொருத்திப் பார்ப்பவர்கள்தான் காலத்தை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பாதம். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. கிரகணத்தின் மேல் பழி போடும் பாட்டிகளை விட்டுவிடுவோம். 1970களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பெரிய அறுவை சிகிச்சைதான் செல்வாக்காக இருந்தது. கணுக்காலின் பின்புறத்தையும் உட்புறத்தையும் திறந்து, இறுகிய தசைநார்களை வெட்டி, எலும்புகளை ஒரே நாளில் நேராக்குவார்கள். தையல் பிரித்ததும் பாதம் அழகாகத்தான் இருக்கும். பிரச்சினை பின்னால் வருகிறது. அப்படிச் செய்துகொண்டவர்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலருக்கு இறுகிப்போன பாதம், வலி, மூட்டுத் தேய்மானம்.

எதிர்ப்பக்கம் பொன்செட்டி முறை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ பொன்செட்டி 1940களின் இறுதியில் உருவாக்கியது. வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. முழங்கால் மடங்கியபடி இருக்கும். ஐந்து முதல் ஏழு கட்டுகளில் வளைவு போய்விடும். குதிகால் மட்டும் இறங்காமல் நிற்கும் என்பதால், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைச் சின்னதாக வெட்டிவிட்டு, மூன்று வாரக் கடைசிக் கட்டு.

மாவுக்கட்டு அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கைட் என்பவரின் பழைய முறையில் பாதத்தின் வெளிப்புறத்தில் தவறான இடத்தில் விரலை ஊன்றி அழுத்தினார்கள். அதனால் குதிகால் எலும்பு வெளியே சுழலவே முடியாது. இரண்டு வருடம்வரை கட்டுப் போட்டும் பாதி திருந்தாத பாதங்கள். "கட்டெல்லாம் வேலைக்கு ஆகாது" என்ற பேர் அப்படித்தான் வந்தது. பொன்செட்டியின் கட்டுரைகளை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. 1990களின் கடைசியில் பெற்றோர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அது பரவியது.

அவருடைய நோயாளிகளைச் சராசரி 34 வயதில் பரிசோதித்த 1995 ஆய்வில், வலியும் நடமாட்டமும் பார்த்துக் கணக்கிட்டதில் 78 சதவீதம் பேருக்கு நல்ல அல்லது மிக நல்ல முடிவு. குறைவாகத் தெரிகிறதா? வளைபாதமே இல்லாமல் பிறந்தவர்களையும் அதே அளவுகோலில் பார்த்தார்கள். அவர்களே 85 சதவீதம்தான்.

பிரெஞ்சு முறை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு: தினமும் பிசியோதெரபி, பிறகு டேப் ஒட்டுதல். அமெரிக்காவின் டல்லாஸில் இரண்டையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டபோது, முதல் திருத்தம் பொன்செட்டியில் 94 சதவீதம், பிரெஞ்சில் 95. வளைவு திரும்ப வந்தது முறையே 37, 29. எண்ணை மட்டும் பார்த்தால் பிரெஞ்சு முறை தோற்கவில்லை. ஆனால் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போகிற குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். நம் ஊருக்கு என் ஓட்டு பொன்செட்டிக்குத்தான். 2013-இல் தொடங்கிய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பிறவிக்குறைப் பட்டியலிலும் வளைபாதம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

அந்த 37 சதவீதத்தின் முக்கியக் காரணம் வீட்டில் இருக்கிறது. கட்டு முடிந்ததும் கம்பி பொருத்திய ஷூ: மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயதுவரை தூங்கும்போது. "அதான் நேராயிடுச்சே, பிள்ளை அழுவுது" என்று கழற்றிவிட்டால் பாதம் திரும்ப வளையும். வளைந்தால் மறுபடி கட்டுப் போடலாம். சிலருக்குப் பின்னர் ஒரு தசைநாணை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, கண். முதல் மூன்று மாதம் கண் அவ்வப்போது அலைவது இயல்பு. கண்ணின் நடுவில் கருப்பாக இருக்க வேண்டிய கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கண் புற்றுநோயாக இருக்கக்கூடும். எப்போதும் உள்ளே திரும்பியே, அதுவும் பெரிய கோணத்தில் இருந்தால் தானாகச் சரியாவது அபூர்வம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது பார்வையைப் பறிக்கும். கண்ணாடி, தூரப்பார்வைக் குறையால் வரும் மாறுகண்ணுக்கு நன்றாக உதவும். இந்த வகைக்கு அது மட்டும் போதாது.

மீதி இரண்டு வழி. ஒன்று போடாக்ஸ் ஊசி. முகச்சுருக்கத்துக்கு என்று ஊரறிந்த இந்த மருந்தை, சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் முதலில் மாறுகண்ணுக்காகத்தான் உருவாக்கினார்; 1989-இல் அமெரிக்க அனுமதி கிடைத்ததும் கண் கோளாறுகளுக்கே. வெட்டு இல்லை, சீக்கிரம் முடியும். ஆனால் இமை சில வாரம் தொங்கலாம், திரும்பப் போட வேண்டி வரலாம், கோணம் பெரிதானால் பலன் குறையும். மற்றது, இரண்டு கண்ணிலும் உள்பக்கத் தசையைச் சில மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தித் தைப்பது. பெரிய கோணத்துக்கு இதையே தேர்ந்தெடுப்பேன்.

எப்போது என்பதில்தான் சண்டை. இரண்டு வயதுக்குள் செய்வதையும் தள்ளிச் செய்வதையும் ஐரோப்பாவில் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். ஆறு வயதில் ஆழத்தை ஓரளவாவது உணர்ந்தவர்கள் முதல் பிரிவில் 13.5 சதவீதம், இரண்டாவதில் 3.9. மறு அறுவை முறையே 28.7, 24.6. தள்ளிப்போட்டவர்களில் 20 சதவீதத்துக்கு அறுவையே நடக்கவில்லை. சீக்கிரம் செய்யத் திட்டமிட்டவர்களில் அது 8. ஆக, கோணம் சிறிதாக, நாளுக்கு நாள் மாறினால் பொறுக்கலாம். பெரிதாக, மாறாமல் இருந்தால் சீக்கிரம் செய்வதே மேல். எப்படியானாலும் முழு முப்பரிமாணப் பார்வையை எதிர்பார்க்காதீர்கள். கண் நேரானபின்னும் ஒன்று சோம்பிப்போகலாம். நல்ல கண்ணை மூடி மற்றதை வேலை வாங்கும் பட்டையைத் தினமும் ஒட்டுவது, அந்த ஷூவைப் போலவே, அம்மா அப்பாவின் வேலை.

இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்தால்? மோபியஸ் குறைபாட்டில் அப்படி நேரும். முகத்தசையும் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பும் இயங்காது. பலருக்கு வளைபாதமும் இருக்கும். மேலே சொன்ன எண்கள் வேறு கோளாறு இல்லாத குழந்தைகளுக்கானவை. இவர்களுக்குப் பாதம் விறைப்பாக இருக்கும், கட்டுகள் கூடும், கண் அறுவையின் திட்டமும் வேறு. நல்லவேளையாக இரண்டும் மோதிக்கொள்வதில்லை: மாவுக்கட்டு முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடும், கண்ணின் முறை மாதங்கள் கழித்துத்தான் வரும்.