வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்: ஜனாதிபதியும் மக்கள் ஒப்புதலும் பற்றிய வகுப்பு

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இயங்கும் தனியார் நிலையம், அமெரிக்க ஜனாதிபதிகளின் செயல்களும் மக்களின் ஒப்புதலும் என்ற பொருளில் ஆறு வார மாலை வகுப்பொன்றை அண்மையில் நடத்தியது. கட்டணம் 6,000 ரூபாய். உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர் சிலரும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் பலரும் சேர்ந்திருந்தோம்.

முதல் நாள் விரிவுரையாளர் முன்னுரை எதுவுமின்றி வெண்பலகையில் சிவப்பு மையால் சரிந்து இறங்கும் கோடொன்றை வரைந்து, அதன் மேல் முனையில் 87 என்றும் கீழ் முனையில் 22 என்றும் எழுதினார். அது ஹரி ட்ரூமனின் கோடு. ரூஸ்வெல்ட் மறைந்து அவர் பதவியேற்ற 1945இல், கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 87 வீதமானோர் அவருடைய பணியை ஏற்றிருந்தனர். கொரியப் போர் இழுபட்டு, தளபதி மக்ஆர்தரை அவர் பதவி நீக்கியதற்கு அடுத்த ஆண்டான 1952இல் அது 22 வீதமாகிவிட்டது. கோடு வளையும் இடமெல்லாம் நிறுத்தி, இங்கே அவர் என்ன செய்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று தனித்தனியாக எங்களைக் கேட்டார். இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்க்கப் பழக்கியதற்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

மூன்றாம் வகுப்புத்தான் உச்சம். 1974 செப்டெம்பர் 8ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெரால்ட் ஃபோர்ட் தமக்கு முன்னிருந்து வோட்டர்கேட் ஊழலால் பதவி விலகிய நிக்சனுக்கு, வழக்கு எதுவும் தொடங்கு முன்பே முழு மன்னிப்பு வழங்கினார். ஓகஸ்டில் 71 வீதமாக இருந்த ஒப்புதல் செப்டெம்பர் முடிவுக்குள் 50 ஆக இறங்கியது. இந்த ஒரு கையெழுத்துக்கு எதிரே விரிவுரையாளர் 1961ஐ வைத்தார்: கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா பின்னின்று நடத்திய படையெடுப்பு படுதோல்வியடைந்தும், கென்னடியின் ஒப்புதல் 83 வீதத்துக்கு ஏறியது. வெளிப்பகை முன்னிற்கும்போது மக்கள் தலைவரின் பின்னால் திரள்வார்கள் என்பது வழமையான விளக்கம்; தவறுக்கான பொறுப்பைக் கென்னடி பகிரங்கமாக ஏற்றதையும் அவர் நினைவூட்டினார். 2022இல் காலிமுகத்திடல் மக்கள் போராட்டத்தைப் பார்த்திருந்த எங்களில் சிலருக்கு, கணிப்பு நடத்தாமலே ஒப்புதலை அளக்கலாமே என்று தோன்றியதில் வியப்பில்லை.

குறைகளும் உண்டு. வழங்கப்பட்ட தாள்கள் பிரதியின் பிரதியாக மங்கியிருந்தன. வளைகுடாப் போர் முடிந்த 1991இல் மூத்த புஷ் பெற்ற 89 வீதத்தைப் பக்கத்திலிருந்த அம்மையார் 39 என்று குறித்துக்கொண்டார். அப்படி வாசித்தால், அடுத்த ஆண்டே பொருளாதார மந்தத்தால் அவர் தோற்றதில் விளக்க என்ன இருக்கிறது? ஆறேகாலுக்குப் போகும் ரயில் வேறு, ஒவ்வொரு வாரமும் ஒரு வாக்கியத்தை விழுங்கியது.

இவற்றைப் பொறுக்கலாம், ஐந்தாம் வகுப்பைப் பொறுக்க முடியவில்லை. வாஷிங்டன் அரசாங்கம் பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பியோர் 1964இல் 77 வீதமாக இருந்து, வியட்நாமுக்கும் வோட்டர்கேட்டுக்கும் பின் 1974இல் 36 வீதமானதைக் காட்டிய விரிவுரையாளர், அந்தக் கோட்டை ஜனாதிபதி ஒப்புதல் கோட்டின் மேலேயே வரைந்து, இரண்டும் ஒன்றே என்பதுபோல் பேசினார். ஜனாதிபதி தம் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. அரசாங்கத்தை நம்புகிறீர்களா என்பது வேறு. பாலியல் விவகாரமொன்றில் பொய் சொன்னதாகப் பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டிய 1998 டிசெம்பரில் கிளின்டன் 73 வீதம் பெற்றது, மக்கள் அவருடைய நடத்தையையும் வேலையையும் வேறாக எடைபோட்டதால்தான். 2013 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை ஏற்றோர் 9 வீதமே. ஒபாமாவோ 40ஐ ஒட்டி நின்றார். ஒரே அரசாங்கத்தின் இரு கிளைகளுக்கு இத்தனை இடைவெளி இருக்கையில், ஒருவருடைய செயலை முழு அரசாங்கத்தின் கணக்கில் எழுதுவது பிழை.

அடுத்த அணிக்கு முன் அந்த வகுப்பைத் திருத்துமாறு அலுவலகத்தில் கேட்டேன். “எழுதித் தாங்கோ ஐயா, சேரிட்டக் குடுக்கிறன்” என்றார் மேசையிலிருந்த பிள்ளை. எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிரதியெடுத்தாலும் தெரியும்படி எண்களை மட்டும் பெரிதாக.