அழகப்பரா, கண்ணதாசனா, ஏவிஎம்மா? புள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு யாரை எடுக்கலாம்

ஸ்கூல்ல "புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கை"ன்னு ப்ராஜெக்ட் குடுத்தா நம்ம காரைக்குடி பக்கம் முக்காவாசி வீட்ல நடக்குறது ஒண்ணுதான், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேஷனரி கடைக்கு ஓடி காந்தியோ கலாமோ படம் போட்ட அந்த சின்ன பேப்பரை வாங்கிட்டு வருவோம், பின்னாடி பத்து வரில வாழ்க்கை வரலாறு இருக்கும், அதை அப்படியே சார்ட்ல எழுதி படத்தை வெட்டி ஒட்டி ஓரத்துல ஸ்கெட்ச்ல நாலு பூ, வேலை முடிஞ்சுது. கலாம் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லங்க. ஆனா க்ளாஸ்ல பாதிப்பேர் கலாமோட வந்து நின்னா டீச்சரும் பாவம் என்னத்த கேப்பாங்க?

அதனால நம்ம மண்ணுல பொறந்த மூணு பேரை பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம். யாரு பெரியவர்ங்கிற சண்டைக்கு நான் வரல, ஆறாவது ஏழாவது படிக்கிற புள்ள யாரைப் பத்தி தானா தேடி தானா நின்னு பேச முடியும், அவ்வளவுதான் கணக்கு.

முதல்ல கண்ணதாசன், ஏன்னா எல்லார் வாய்லயும் முதல்ல வர்ற பேரு அதுதான். 1927ல சிறுகூடல்பட்டில பொறந்தவர், நிஜப்பேரு முத்தையா, அமராவதிபுதூர்ல எட்டாவதோட படிப்பு முடிஞ்சுது, அப்புறம் 1980ல சேரமான் காதலிக்கு சாகித்ய அகாடமி, 1981 அக்டோபர்ல சிகாகோல காலமானார். எட்டாவது படிச்சவருக்கு அகாடமி விருதுன்னு சொன்னதும் பின் பெஞ்ச் பையன்கூட நிமிர்ந்து உக்காருவான். மெட்டீரியலுக்கும் பஞ்சமே இல்ல, காரைக்குடில மணிமண்டபமே இருக்கு. சிக்கல் என்னன்னா மெட்டீரியல் ரொம்ப ஜாஸ்தி. புள்ள வாழ்க்கைய விட்டுட்டு பாட்டு லிஸ்ட் போட ஆரம்பிச்சுரும், வீட்ல தாத்தா ஒரு பாட்டு சொல்ல, மாமா அதைவிட நல்ல பாட்டு இதுன்னு ஒண்ணு சொல்ல, கடைசில சினிமா பாட்டு புத்தகம் மாதிரி ஆயிரும். அவர் தன்னோட கதைய எழுதின வனவாசம் நல்ல சோர்ஸ்தான், தன்னையே "அவன்"னு வேத்தாள் மாதிரி எழுதியிருப்பார், ஆனா அதை மொத்தமா புள்ள கையில குடுக்க முடியாது, பெரியவங்க படிச்சு பக்கம் மடிச்சுதான் குடுக்கணும்.

ஏவிஎம் ஸ்டுடியோ ஆரம்பிச்ச ஏ.வி.மெய்யப்பன் வேற ரகம். 1907ல காரைக்குடில பொறந்தவர், அப்பாவோட கடைல கிராமஃபோன் ரெக்கார்டு வித்ததுல ஆரம்பிச்ச ஆளு. மொத்த வாழ்க்கையும் எடுத்தா புள்ளைக்கு மூச்சு முட்டும், பாதிக்கு மேல மெட்ராஸ் கதை. ஆனா உலகப்போர் சமயத்துல ஊருக்கு வந்து தேவகோட்டை ரஸ்தால ஸ்டுடியோ போட்டாரே, அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்தா அருமையா வரும். 1947ல வந்த நாம் இருவர் அங்க எடுத்த படம், 1948ல ஸ்டுடியோ கோடம்பாக்கம் போயிருச்சு. தன் கையில இருந்த பாரதி பாட்டு உரிமைய 1949ல அரசாங்கத்துக்கு குடுத்தார்ங்கிறதையும் சேத்துக்கலாம். குறை என்னன்னா இன்னைக்கு அங்க போய் புள்ளைக்கு காட்ட பெருசா ஒண்ணும் இல்ல, வாயால சொல்லித்தான் நம்ப வைக்கணும்.

என் ஓட்டு அழகப்ப செட்டியாருக்குத்தான், காரணம் ரொம்ப சாதாரணம், சைக்கிள்ல போயி பாக்கலாம். கோட்டையூர்ல 1909 ஏப்ரல் 6 பொறந்தார், 1957 ஏப்ரல் 5 காலமானார். இதுல ஒரு சின்ன வேலை இருக்கு, வயசு என்னன்னு கேட்டா எல்லா புள்ளையும் டக்குனு 48ன்னுதான் சொல்லும், தேதிய பாத்தா 48 முடிய ஒரு நாள் இருக்கு. சோர்ஸை உத்துப் பாக்க பழக்க இதைவிட லேசான வழி எனக்குத் தெரியல. லண்டன் போய் பாரிஸ்டர் ஆனவர், விமானம் ஓட்டக் கத்துக்கிட்டவர், இது ரெண்டும் பசங்களுக்குப் பிடிக்கும். 1947ல காரைக்குடில அழகப்பா காலேஜ் ஆரம்பிச்சார். அப்புறம் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடிக்கு வர்றதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்தார், 1948 ஜூலை 25 நேரு வந்து அடிக்கல் நாட்டுனார். அந்தக் காலத்து 15 லட்சம்னா என்னன்னு வீட்ல பெரியவங்கள கேட்டு, அப்ப தங்கம் என்ன விலைன்னு புள்ளையே கணக்கு போடட்டும். தொழுநோயோட இருந்துக்கிட்டே இத்தனையும் செஞ்சார்ங்கிறதை நிறைய சார்ட்ல விட்டுருவாங்க, விடாதீங்க, மரியாதையா ஒரே வரில சொல்லலாம்.

அழகப்பர் ப்ராஜெக்ட்ல ஆபத்து, வெறும் நன்கொடை பட்டியலா போயிரும். அதுக்கு மருந்து வீட்லயே இருக்கு. தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி அவ ஐயாகிட்ட, அதாவது தாத்தாகிட்ட, நோட்டும் பேனாவுமா உக்காந்து கேட்டா, "ஐயா, நீங்க ஏன் அழகப்பா காலேஜ்ல சேந்தீக?" அவர் சொன்னார், "வேற எங்கத்தா போறது? மதுரை திருச்சின்னா எங்க அப்பச்சி அனுப்பியிருக்க மாட்டாக. இங்கன வந்ததாலதான் நான் டிகிரி." அவ அதை அப்படியே பேச்சுவழக்குலயே சார்ட்ல எழுதுனா. எந்த வெப்சைட்லயும் கிடைக்காத வரி அது.

காட்டுறது எப்படின்னா, பிபிடி வேணாம்ங்க, நெட் சென்டர் அண்ணன் செஞ்சு குடுப்பார், புள்ள பொம்மை மாதிரி பக்கத்துல நிக்கும். சார்ட்டே போதும், ஆனா பத்தி பத்தியா எழுதுனா க்ளாஸுக்கு முதுகைக் காட்டிட்டு அதையே வாசிக்கும், அதனால கையால வரைஞ்ச ஊர் மேப் ஒண்ணு, தானா எடுத்த ஃபோட்டோ நாலு, வருஷம் மட்டும் பெரிய எழுத்துல. மீதி வாய்ல. மூணாவது நாலாவது படிக்கிற வாண்டுன்னா கண்ணதாசன் வேஷமே போட்டுருங்க, வேட்டி ஜிப்பா நெத்தில பொட்டு, கைதட்டல் கேரண்டி, அதுல ஆராய்ச்சியெல்லாம் எதிர்பாக்காதீங்க.

ஒம்பதாவது பத்தாவது படிக்கிற புள்ள மூணு பேரும் வேணாம்னு மொரண்டு புடிச்சா கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக் குடுங்க, சைன்போர்டு எழுதுனவர், பழைய புத்தகம் பத்திரிகை கல்யாண அழைப்பிதழ்னு கண்டதையும் சேத்து வச்சார், 1992ல அவர் போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமா வாங்கி, 1994ல சென்னைல நூலகமா ஆயிருச்சு. க்ளாஸ்ல வேற யாரும் இவரை எடுத்திருக்க மாட்டாங்க.