ஆர்க்னியா, ஷெட்லாந்தா, வெளி ஹெப்ரிடீஸா? அவசரமில்லாமல் சுற்ற எது நல்லது?

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் இருக்கும் இந்த மூன்று தீவுக்கூட்டங்களையும் பத்தே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூன்றையும் தொட்டால் பாதி நாள் துறைமுகத்திலேயே போய்விடும்.

சரி, எதைப் பிடிப்பது?

ஆர்க்னிக்குப் போவதுதான் மூன்றிலும் சுலபம். ஸ்காட்லாந்தின் வடகரைத் துறைமுகமான ஸ்கிராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ராம்னஸுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம், வழியில் ஹோய் தீவின் ஓரமாகக் கடலிலிருந்து 137 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் கல்தூணையும் பார்த்துவிடலாம். ஸ்காரா பிரே என்ற கற்கால ஊர், பிராட்கர் கல்வட்டம், மேஸ்ஹோவ் கல்லறை என்று சுமார் 5,000 வருடப் பழமை எல்லாம் பக்கத்து பக்கத்திலேயே இருக்கிறது. அதனாலேயே வருகிறவர்கள் இரண்டு நாளில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போனால் பாப்பா வெஸ்ட்ரே என்ற சின்னத் தீவு வரைக்கும் போங்கள். ஸ்காரா பிரேயில் வீடுகளை மேலே நின்று எட்டித்தான் பார்க்க முடியும். இங்கே நாப் ஆஃப் ஹோவரில், அதைவிடப் பழைய வீட்டுக்குள், தாழ்ந்த கல்வாசலில் குனிந்து உள்ளேயே போகலாம். தரையில் தானியம் அரைத்த கல் அப்படியே கிடக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் கடல். பக்கத்து வெஸ்ட்ரேயிலிருந்து இங்கே வரும் விமானம் இரண்டு நிமிடம்கூடப் பறக்காது, உலகிலேயே மிகக் குறுகிய விமான சேவை அதுதான். ஆனாலும் நான் படகைத்தான் சொல்வேன்.

ஷெட்லாந்துக்கு அபர்டீனில் மாலையில் கப்பல் ஏறினால் காலையில் லெர்விக். ஜூன் மாதத்தில் முழு இருட்டே வராது. நள்ளிரவிலும் வானத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் நிற்கும், அந்த ஊர்க்காரர்கள் அதைச் 'சிம்மர் டிம்' என்கிறார்கள். சம்பரா முனையில் பஃபின் பறவைகளைச் சில அடி தூரத்தில் பார்க்கலாம். ஃபௌலா தீவில் சில பத்துப் பேர்தான் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 6-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். குறை என்றால், கார் இல்லாமல் வடகோடித் தீவான அன்ஸ்ட் வரைக்கும் போய்வருவது சிரமம். பறவைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷெட்லாந்துதான்.

என் ஓட்டு வெளி ஹெப்ரிடீஸுக்கு. காரணம், அங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் சைக்கிளில் போக ஒரு பாதை இருக்கிறது. தெற்கே வாட்டர்சேயில் தொடங்கி வடக்கே லூயிஸ் முனை வரைக்கும் சுமார் 300 கி.மீ., பத்துத் தீவுகள். கடல்மேல் போட்ட சாலைகளிலும் இரண்டே இரண்டு படகுகளிலும் கடந்துவிடலாம். பெர்னரே தீவிலிருந்து ஹாரிஸில் உள்ள லெவர்பரா போகும் படகு பாறைத்திட்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மெதுவாகப் போகும், அந்த ஒரு மணி நேரம் யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்பேன். பாரா தீவில் விமான நிலையமே கடற்கரைதான், அலை இறங்கினால்தான் விமானம் இறங்கும், அதனால் கால அட்டவணையே அலையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். சாலைகள் பெரும்பாலும் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வருகிறவருக்காக ஒதுங்கி நின்று கை காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், நாலு நாளில் அந்தக் கை தானாகவே உயர ஆரம்பித்துவிடும்.

அப்புறம் மொழி. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் இங்கே சாலைப் பலகையில் மட்டும் வாழும் மொழி இல்லை, கடைகளிலும் காதில் விழும். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை நெசவாளர் தன் வீட்டிலேயேதான் நெய்ய வேண்டும் என்று 1993-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்து நெய்யும் அந்தத் தறியின் சத்தம் கொட்டகைக்கு வெளியே கேட்கும்போது கதவு திறந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எட்டிப் பாருங்கள்.

தெற்கிலிருந்து வடக்கே போங்கள், காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், முதுகைத் தள்ளிக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை ஹாரிஸில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அன்று பேருந்து ஓடாது, கடைகளும் அனேகமாக மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வைத்துவிட்டு, லஸ்கென்டைர் மணலில் அலை வற்றும் நேரமாகப் பார்த்து நடக்கப் போங்கள்.