எடை குறைந்த வேட்டை ரைஃபிள் வாங்குவோர் கவனத்திற்கு

"கார்பன் ஃபைபர் ஸ்டாக் இது. உதையை முழுக்க உறிஞ்சிவிடும்" என்று உறுதி சொல்லித்தான் அந்தத் துப்பாக்கி விற்பனையாளர் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்றை என் தலையில் கட்டினார். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து எடை 2.8 கிலோதான். ஸ்டாக் என்பது தோளில் பதித்துப் பிடிக்கும் கட்டைப் பகுதி; உதை என்பது சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து இடிப்பது. கார்பன் ஃபைபர் என்றது, உதையை உறிஞ்சும் என்றது, இரண்டுமே பொய்.

எந்த ஸ்டாக்கும் உதையை விழுங்கிவிடாது. 11.7 கிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, 3.9 கிலோ ரைஃபிள் ஏறக்குறைய 37 ஜூல் ஆற்றலுடன் பின்னால் வரும். அதே தோட்டாவை 2.8 கிலோவில் சுட்டால் 50 ஜூலைத் தாண்டிவிடும். இதை விற்பவர் மறைப்பது வியாபாரத் தந்திரம் அல்ல, மோசடி. உதைக்கு அஞ்சிப் பழகியவர் விசையை வெடுக்கென்று இழுப்பார். குண்டு தவறான இடத்தில் பாயும். விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். என் கோபமெல்லாம் இதில்தான்.

தோளைவிட எனக்குக் கன்ன எலும்புதான் அதிகம் வலித்தது. ஸ்டாக்கின் பின்முனை குழலின் கோட்டைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், சுடும்போது குழல் மேலே எகிறும், கன்னம் பதியும் விளிம்பு முகத்தில் அறையும். முறையிட்டபோது அவர் மசில் பிரேக் (குழல் முனையில் மாட்டும் துளையிட்ட உருளை) மாட்டச் சொல்லி, அதற்கும் பணம் வாங்கினார். அது உதையைக் குறைத்தது உண்மை. ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால் ஓசை பயங்கரமாகக் கூடும். காதுக்கவசம் இல்லாமல் சுட்டால் சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் செவி கெடும். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

வேறொரு துப்பாக்கித் தொழிலாளி பின்முனை ரப்பரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெறும் கூடு. கார்பன் இழையே கிடையாது, அச்சில் வார்த்த சாதாரண பிளாஸ்டிக். ரப்பரும் கல்போல இறுகியிருந்தது. முன்பகுதியை விரலால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொட்டது. தாங்கி மீது வைத்துச் சுடுகையில் குறி மாறியதன் காரணமும் புரிந்தது. இவ்வளவையும் சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போனால், "சுட்டுவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது" என்று அந்த விற்பனையாளர் கதவை அடைத்தார்.

வாங்கும் முன் ரப்பரைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் நடையைக் கட்டுங்கள். முன்பகுதியை அழுத்திப் பாருங்கள். கன்னம் பதியும் விளிம்பு நேராகவும், பின்முனை அகலமாகவும், ரப்பர் மென்மையாகவும் இருக்க வேண்டும். ஸ்டாக்கின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும். எடை குறைவுதான் முக்கியம் என்றால் தோட்டாவைச் சிறிதாக்குங்கள்: இதே 2.8 கிலோவில் .308 வின்செஸ்டரின் உதை 30 ஜூல் அளவில்தான் இருக்கும், மான் வேட்டைக்கு அது தாராளம்.