அமெரிக்காவின் ‘வேர்ஸ்’ தடுப்பூசிப் பதிவேடு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

தடுப்பூசிக்குப் பின் வரும் உடல் கோளாறுகளைப் பதிவுசெய்ய 1990 முதல் அமெரிக்காவில் இயங்குகிறது ‘வேர்ஸ்’. நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யும் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வும் சேர்ந்து நடத்துகின்றன. மருத்துவர், நோயாளி, பெற்றோர் என யாரும் எழுதலாம்.

படிவம் பொறுமையைச் சோதிக்கும். இணையத்தில் நிரப்பினால் பாதியில் சேமிக்க வழியில்லை. 20 நிமிடம் தொடாமல் விட்டால் எழுதியதெல்லாம் போச்சு. பி.டி.எஃப். படிவத்தை இறக்கி, நிதானமாக நிரப்பி ஏற்றுவதே மேல். தயாரிப்பாளர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), எத்தனையாவது டோஸ், ஊசி போட்ட தேதி, அறிகுறி தொடங்கிய தேதி எல்லாம் கேட்பார்கள். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும்.

இதயத்தசை அழற்சி என்று சந்தேகமிருந்தால், ‘நெஞ்சு வலித்தது’ என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். டிரோபோனின் (இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) அளவு, அந்த ஆய்வகத்தின் இயல்பு வரம்பு, ஈ.சி.ஜி. மாற்றம், எக்கோ, இதய எம்.ஆர்.ஐ. முடிவு ஆகியவை இருந்தால்தான் பரிசீலிப்பவர்கள் நோயை உறுதிசெய்ய முடியும். மூச்சுத்திணறலும் இருந்ததா? மார்பு சி.டி. முடிவையும் சேருங்கள். நுரையீரலிலேயே அழற்சியா, இதயம் தளர்ந்து நீர் கோத்ததா என்று பிரிக்க அது வேண்டும்.

எம்.ஆர்.என்.ஏ. வகை (ஃபைசர், மாடர்னா) கொரோனா ஊசிகள் விஷயத்தில் இந்தப் பதிவேடு தன் வேலையைச் செய்தது. 2021 ஜூனிலேயே இதயத்தசை அழற்சி பற்றிய எச்சரிக்கை வந்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஆகஸ்ட் வரை வந்த பதிவுகளைச் சலித்ததில் 1,626 பேருக்கு இதயத்தசை அழற்சி என்று தேறியது. பெரும்பாலும் இளம் ஆண்கள். அறிகுறி தொடங்கியது ஊசி போட்ட இரண்டொரு நாளில். ஃபைசர் இரண்டாம் டோஸுக்குப் பின் 16–17 வயது ஆண்களிடம் 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 106 பேர்.

பொதுத்தளத்தில் தேடினால் கிடைக்கும் எண்ணிக்கையோ வேறு கதை. அது சலிக்காத மூட்டை. ஊசி போட்டதும் ‘ஹல்க்’ ஆகிவிட்டேன் என்று ஒரு மருத்துவர் விளையாட்டாக எழுதியதுகூட ஒருமுறை ஏறிவிட்டது! இன்னொரு பக்கம், நிஜமாகவே பாதிக்கப்பட்டும் எழுதாதவர்கள் நிறைய. போடாதவர்களோடு ஒப்பிட்டு அபாயத்தைக் கணிக்க, மருத்துவமனைப் பதிவுகளோடு இணைந்த ‘வி.எஸ்.டி.’ என்ற தடுப்பூசிப் பாதுகாப்புத் தரவுத்தளம்தான் சரி.

ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு வந்தால் முதலில் அவசர சிகிச்சைப் பிரிவு, பிறகு படிவம். வேர்ஸில் யாரும் சிகிச்சை சொல்ல மாட்டார்கள். நஷ்டஈடும் கிடையாது, கொரோனா ஊசிக்கு ‘சி.ஐ.சி.பி.’ என்ற அரசு இழப்பீட்டுத் திட்டத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள்.