செத்த விண்டோஸிலிருந்து கோப்புகளை மீட்க எந்த லைவ்: மின்ட்டா, குளோன்ஜில்லாவா, சிஸ்டம்ரெஸ்க்யூவா?

விண்டோஸ் எழவில்லை என்றால் உடனே ஃபார்மட் செய்யச் சம்மதித்துவிடாதீர்கள். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். பென் டிரைவில் லினக்ஸ் லைவ் ஒன்றை (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்; மின்ட், குளோன்ஜில்லா, சிஸ்டம்ரெஸ்க்யூ மூன்றும் அப்படிப்பட்டவை) ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால், அது நினைவகத்திலேயே ஓடும். நீங்களாக எதுவும் எழுதாதவரை உள்ளே இருக்கும் டிஸ்க் அப்படியே இருக்கும்.

எந்த லைவ் என்பதை டிஸ்க்கின் உடல்நிலைதான் முடிவு செய்ய வேண்டும். மின்ட்டில் இருக்கும் 'டிஸ்க்ஸ்' கருவியைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) பூஜ்யம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. எண் இருந்தால் எந்த ஃபோல்டரையும் திறக்காமல் நேராக சிஸ்டம்ரெஸ்க்யூவுக்குப் போய்விடுங்கள்.

டிஸ்க் நலமாக இருந்து, படங்களும் ஆவணங்களும் மட்டும் வேண்டுமென்றால் மின்ட்டே போதும். டிரைவை இரட்டை கிளிக் செய்து, வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போடுவதுதான் வேலை. இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (அடுத்த முறை வேகமாக எழுவதற்காக முழுதாக அணையாமல் இருக்கும் வசதி): டிரைவ் படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். படிக்க முடிந்தாலே நமக்குப் போதும். கட்டாயப்படுத்தி எழுதும் முறையில் திறக்காதீர்கள். இன்னொன்று பிட்லாக்கர், டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்கம். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்த லினக்ஸாலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குளோன்ஜில்லா, தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு மாற்றவோ முழு இமேஜ் (டிஸ்க்கின் நகலை ஃபைலாக) எடுத்துவைக்கவோ இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் நகலெடுப்பதால், 500 ஜிபி டிஸ்க்கில் 80 ஜிபி நிரம்பியிருந்தால் அந்த 80 ஜிபிக்கான நேரம்தான் ஆகும். ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழக்கமான அமைப்பில் ஏற்காது. குளோன்ஜில்லாவின் எழுத்து மெனுக்கள் பயமுறுத்தினால், மவுஸால் இயக்கும் ரெஸ்க்யூஜில்லா இருக்கிறது. குளோன்ஜில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும். எதில் செய்தாலும் மூலம் எது, இலக்கு எது என்பதை மாடல் பெயரையும் அளவையும் வைத்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அவை அடுத்த பூட்டில் மாறலாம். இங்கே தவறினால் மீட்க வந்த தகவலையே அழித்துவிடுவீர்கள்.

டிஸ்க் தள்ளாடும்போதுதான் சிஸ்டம்ரெஸ்க்யூவின் அருமை தெரியும். அதில் இருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி, லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையான டிடி போலப் பிழையில் நின்றுவிடாது. நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிவிடும், கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பிவந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை வந்தது என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், பாதியில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை வெளி டிஸ்க்கில் வையுங்கள். லைவின் சொந்த ஃபோல்டரில் வைத்தால் அணைத்ததும் போய்விடும். இமேஜ் முழுதாக வந்தபிறகு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகள் எல்லாவற்றையும் அந்த நகலின் மேல் ஓட்டுங்கள், நோயாளியின் மேல் வேண்டாம்.

டிஸ்க் கடகடவென்று தட்டும் சத்தம் கொடுத்தால் இந்த மூன்றும் உதவாது. தகவல் முக்கியமென்றால் உடனே அணைத்துவிட்டு மீட்பு ஆய்வகத்தில் கொடுங்கள். பயாஸிலேயே (கணினி எழும்போது முதலில் வரும் அமைப்புத் திரையிலேயே) டிஸ்க் தெரியாவிட்டால் கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அதற்குமேல் அதுவும் ஆய்வக வேலைதான்.