பிஎஸ்-4 டீசலா, பிஎஸ்-6 டீசலா?

பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்பது வாகனப் புகைக்கு இந்திய அரசு விதிக்கும் மாசு வரம்பு. நன்றாக ஓடும் பிஎஸ்-4 டீசல் காரை வைத்துக்கொள்வதா, 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 காருக்கு மாறுவதா என்பதை, அன்றாடம் ஓட்டும் தடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமாக இருந்த, புகையில் வெளிவரும் துகள்களுக்கான வரம்பு, புதிய விதியில் 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றை எண்ணினால் இது மனமார வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆனால், கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, புகையின் வெப்பம் போதிய அளவு ஏறினால்தான் அதை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்பதால், தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் நெரிசலில் ஊர்பவருக்கு அது அடைத்துக்கொள்கிறது. என் காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, புறவழிச்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிய பிறகே அணைந்தது; வாங்கும்போது விற்பனையாளர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கம்தான். பெரும்பாலான பிஎஸ்-4 கார்களில் இந்த வடிகட்டியே இல்லை. புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படிவது மட்டும் இரண்டுக்கும் பொது.

பழையதே நம்பகமானது என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், மாசுச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் விவகாரத்தில், இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3.23 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர் தயங்காமல் பிஎஸ்-6 வாங்கலாம். நகருக்குள்ளேயே சுற்றுபவருக்கு நான் டீசலையே பரிந்துரைக்க மாட்டேன்.